மரிவோனின் மூக்கு

என் தம்பி மனைவி மரிவோனுக்கு இருக்கிற மூக்கு பிரான்சின் ஜுரா மலையடியில் வேறு யாருக்கும் கிடையாது என்று எங்கள் மோந்தெரு கிராமத்தில் சொல்லாத ஆள் இல்லை. ரொட்டிக்கடைக்காரி சொல்வாள், தபால்காரன் சொல்வான், பூசை முடிந்து வெளியே வரும் பாதிரியார்கூடச் சொல்வார். முப்பத்தைந்து வருஷமாக நானும் கேட்டுக்கொண்டு வருகிறேன். பார்த்தால் அப்படி ஒன்றும் விசேஷமான மூக்கு இல்லை. நுனி கொஞ்சம் சிவந்திருக்கும், குளிர்காலத்தில் ஒழுகும். எல்லோருக்கும்தான் ஒழுகுகிறது. ஆனால் அவளுக்கு ஒழுகினால் வீடே கவலைப்படும். என் தம்பி ரேஜிஸ் மப்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவான். எனக்கு நிமோனியா வந்த வருஷம் அவன் டிராக்டருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான்.

அவளைப் பற்றி எழுதப்போகிறேன். பொறாமையில் எழுதுகிறாள் என்று யாராவது சொன்னால், ஆமாம், பொறாமைதான். எனக்கு அறுபத்தாறு வயதாகிறது. இனிமேல் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவளை நேசித்தவர்கள் யாரும் நான் பார்த்த அளவுக்கு அவளைக் கவனித்துப் பார்த்ததில்லை.

எங்களுடையது சின்னத் தோட்டம். சாம்பல் நிறக் களிமண் சரிவில் நாலரை ஹெக்டேர். வேலைக்கு ரேஜிஸ், மரிவோன், நான். அறுவடைக்கு மட்டும் சொந்தக்காரர்கள் வருவார்கள். சிவப்பும் போடுகிறோம், வெள்ளையும் போடுகிறோம். ஆனால் எங்கள் பூவ்ரே குடும்பத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மஞ்சள் ஒயின்தான். சவாஞான் திராட்சையைப் பனி விழத் தொடங்கும் வரை கொடியிலேயே விட்டு, தாமதமாகப் பறித்து, பிழிந்து, புளிக்கவைத்து, பழைய பீப்பாய்களில் ஊற்றி, விட்டுவிடுவோம். விட்டுவிடுவது என்றால் நிஜமாகவே விட்டுவிடுவது. மற்ற ஒயினெல்லாம் பீப்பாயில் குறையக் குறைய வாரம் தவறாமல் ஊற்றி நிரப்புவோம். மஞ்சளுக்கு மட்டும் ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது. குறைந்த இடத்தில் காற்று நிற்கும். காற்றுக்கு அடியில், ஒயின்மேல், தயிர் மாதிரி மெல்லிய ஏடு படரும். அந்த ஏடுதான் வேலை செய்கிறது. ஆறு வருஷம் மூன்று மாதம் அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் நம் வேலை.

மற்றவர்கள் பீப்பாய்களை நிலவறையில் வைப்பார்கள். என் அப்பா ஆன்செல்ம் பூவ்ரே பரணில் வைத்தார், ஓட்டுக்கு நேர் கீழே. கோடையில் வேகும், குளிரில் விறைக்கும். "வெயிலும் குளிரும் படாத ஒயின் மடத்துல வளர்ந்த பொண்ணு. நல்ல பொண்ணுதான், ஆனா பேச ஒண்ணும் இருக்காது" என்பார். பரணில் ஓடக்கூடாது. கதவை அடித்துச் சாத்தக்கூடாது. ஏடு கலைந்துவிடும் என்று, தும்மல் வந்தால்கூட நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கி வந்துதான் தும்முவோம்.

இந்த மாதிரி ஒயின் செய்வதில் ஒரு வம்பு உண்டு. இருபத்தாறு பீப்பாயிலும் ஊற்றுவது ஒரே சாறுதான். ஆனால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குப் போகும். ஒன்று அக்ரூட்டும் வறுத்த வெந்தயமுமாக மணக்கும். பக்கத்தில் இருப்பது சத்தமில்லாமல் காடியாகிக்கொண்டிருக்கும். அதனால் ஜனவரியில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை, ஒவ்வொரு பீப்பாயின் அடியிலும் இருக்கும் குழாய்த் திருகைத் திறந்து ஒரு வாய் பிடித்து முகர்ந்து பார்க்க வேண்டும். பரணில் தங்கட்டும் என்றால் சாக்பீஸால் சிலுவை. இறக்கிச் சாதாரண வெள்ளையாக விற்கலாம் என்றால் வட்டம். ஆறு வருஷம் கழித்துச் சிலுவை போட்டதெல்லாம் ஒரே தொட்டியில் கலந்து புட்டிகளில் அடைபடும். தப்பான ஒரு சிலுவை போதும், ஆறு வருஷத்து உழைப்பும் போச்சு. எங்கள் வீட்டில் சாக்பீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பெரியவர். வயதெல்லாம் சும்மா.

அந்தச் சாக்பீஸ் எனக்கு வரவேண்டியது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கவாத்துக் கத்தரியைப் பிடித்தவள் நான். ரேஜிஸுக்கு இதில் நாட்டமே கிடையாது. எந்திரம் இருந்தால் அவனுக்குப் போதும். அப்பாவுக்கு வயதாகி மூக்கு மங்கத் தொடங்கியதும் என்னைப் பரணுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வருஷம் நான் முகர்ந்து சொன்னேன், அவர் கோடு போட்டார். இன்னும் ஒரே ஒரு ஜனவரி போயிருந்தால் சாக்பீஸ் என் கைக்கு வந்திருக்கும். அதற்குள் இவள் வந்துவிட்டாள்.

ரேஜிஸ் பிரெஸ்த் துறைமுகத்தில் இரண்டு வருஷம் கப்பல் எந்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது கூடவே கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்தான். கடற்கரை மீன்காரர் மகள். ஒரு பெட்டி, ஒரு மழைக்கோட்டு, இருபத்து மூன்று வயது. முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழியைக் காளான் போட்டு, மஞ்சள் ஒயின் விட்டுச் சமைத்திருந்தேன். அப்பா, வந்த பெண்ணுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, ஒன்பதாம் பீப்பாயிலிருந்து ஒரு கோப்பை பிடித்துக்கொண்டு வந்தார். முந்தின வாரம்தான் அந்தப் பீப்பாயை முகர்ந்து, "நல்லாயிருக்குப்பா" என்று சொல்லிச் சிலுவை வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அவள் கோப்பையை எடுத்தாள். குடிக்கவில்லை. மூக்கை வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

"என்னம்மா, பிடிக்கலையா?" என்றார் அப்பா.

"பிடிச்சிருக்கு மாமா. ஆனா... எப்படிச் சொல்றது... நேத்து மீன் மாதிரி இருக்கு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "மீன்கடையில பொறந்தா எதுலயும் மீன்தான் தெரியும்!"

"மீன் நாத்தம்னு சொல்லலை அண்ணி," என்றாள் அவள், கொஞ்சமும் கோபமில்லாமல். "நேத்து மீன்ல நாத்தமே இருக்காது. பார்த்தா இன்னிக்குப் பிடிச்சது மாதிரிதான் இருக்கும். ஆனா நாளைக்கு என்ன ஆகப்போகுதுன்னு இன்னிக்கே தெரிஞ்சிடும். அது மாதிரி இருக்கு."

அப்பா எழுந்து பரணுக்குப் போனார். பத்து நிமிஷம் கழித்து இறங்கி வந்து, கோழித் துண்டு ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, "சோலாஞ், ஒன்பதை நாளைக்கு இறக்கிடு" என்றார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த ஜனவரியில் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார்.

யாரும் நம்பப்போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த வாடை எனக்கும் தெரிந்திருந்தது. முந்தின வாரமே ஒன்பதில் ஏதோ உறுத்தியது. தப்பாகச் சொல்லிவிட்டால் சாக்பீஸ் இன்னும் தள்ளிப்போகுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். என் மூக்கில் குறையில்லை, தைரியத்தில்தான் குறை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகு முப்பத்தைந்து வருஷம். நான் அவளுக்கு "மீன்மூக்கு" என்று பெயர் வைத்தேன். அவளே அதைச் சொல்லி ஊரையெல்லாம் சிரிக்கவைத்தாள். அவள் சமையலில் உப்பு அதிகம் என்றேன். அடுத்த நாளிலிருந்து எனக்குத் தனியாக எடுத்துவைத்தாள். அவள் கொடி கட்டினால் பின்னாலேயே போய் அவிழ்த்துக் கட்டினேன், அவள் ஒட்டிய லேபிளைக் கிழித்து மறுபடி ஒட்டினேன். "அண்ணி கை பட்டாத்தான் நேரா நிக்குது" என்று அதற்கும் ஒரு பாராட்டு. நல்லவள்மேல் பொறாமைப்படுவது மாதிரி அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. ஒரு சண்டைக்குக்கூட வழியில்லை.

அப்பா படுத்த படுக்கையாக இருந்த மூன்று மாதமும் அவர் துணியைத் துவைத்தது நான், சூப் ஊட்டியது நான். கடைசி வாரத்தில் ஒரு நாள் கண்ணைத் திறந்து, "பதினேழாம் பீப்பாய் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாயிருக்குப்பா."

"மரிவோனைக் கேட்டியா?"

அந்த சூப்புக் கிண்ணத்தை என்ன செய்யலாம் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு மீதியையும் ஊட்டிவிட்டேன்.

நான் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் மரிவோன் சந்தைக்குப் போவாள். ஜனவரியிலும் ஜூனிலும், அவள் கோடு போட்ட பிறகு வரும் முதல் வெள்ளிக்கிழமை, நான் பரணுக்கு ஏறி இருபத்தாறையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பேன். தப்பு கண்டுபிடிக்கத்தான். எத்தனையோ நூறு பீப்பாய் பார்த்திருப்பேன். அத்தனை வருஷத்தில் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாதது நாலே நாலு. அதில் மூன்றில் அவள் சொன்னதுதான் சரி. நாலாவதில் நான் சொன்னது சரி. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் என்னை யாரும் கேட்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில், கோவில் படிக்கட்டில் பனி உறைந்து கிடந்த ஒரு ஞாயிறு, மரிவோன் வழுக்கி விழுந்தாள். பின்மண்டை படியில் மோதியது. ஆஸ்பத்திரியில் பத்து நாள். தலையில் ஆறு தையலோடு வீட்டுக்கு வந்தாள். கை, கால், பேச்சு, ஞாபகம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாக ரேஜிஸ் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னான். நானும் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவ்வளவு கெட்டவள் இல்லை நான்.

ஜனவரி நடுவில் பரணுக்கு ஏறினோம். அந்த வருஷத்துப் பீப்பாய்களுக்கு ஆறு வருஷம் மூன்று மாதம் நிறைந்திருந்தது. கடைசிச் சிலுவை அதுதான். அதற்கப்புறம் தொட்டி, புட்டி, தக்கை. வழக்கம்போல நான் விளக்கைப் பிடித்தேன், அவள் முகர்ந்தாள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே முடித்தாள். அவளுடைய சிலுவைகள் எப்போதும் குடித்தவன் மாதிரி வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். அன்றைக்கும் அப்படியே சாய்ந்து நின்றன.

வெள்ளிக்கிழமை வந்தது, அவள் சந்தைக்குப் போனாள், நான் பரணுக்குப் போனேன். பதினாலாம் பீப்பாய். மேலே சிலுவை. திருகைத் திறந்ததும் நெயில் பாலிஷ் வாடை மூக்கில் அடித்தது. முழுக்க இல்லை, முக்கால்வாசி காடி. ஏதோ கவனப்பிசகு என்று ஏழாம் பீப்பாய்க்குப் போனேன். மேலே வட்டம். பிடித்து முகர்ந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஒயினை நான் முகர்ந்ததில்லை. அக்ரூட்டு, வெந்தயம், உலர்ந்த வைக்கோல், அதற்குப் பின்னால் இன்னும் ஏதோ ஒன்று, பெயர் சொல்லத் தெரியாதது. அதை இறக்கிச் சாதா வெள்ளையில் கொட்டச் சொல்லியிருக்கிறாள்! இருபத்தாறையும் பார்த்தேன். பாதிக்குப் பாதி தப்பு. கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டாலும் அப்படித்தான் இருக்கும்.

பீப்பாய்களைத் தாங்கும் உத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, ஏடு கலையாமல், கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தேன்.

அடுத்த நாள் காலையில் உறுதிப்படுத்திக்கொண்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேண்டுமென்றே வெளியே போனேன். அவள் அடுப்புக்கு இரண்டடி தள்ளி மேசையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி, வழிந்து, தீய்ந்தது. முற்றத்தில் நின்றிருந்த எனக்கே நாற்றம் வந்தது. அவள் பக்கத்தைப் புரட்டினாள். நான் ஓடிவந்து அடுப்பை அணைத்ததும் நிமிர்ந்து பார்த்து, "அடடா, பாலா?" என்றாள்.

புட்டியில் அடைப்பது புதன்கிழமை. சனி, ஞாயிறு, திங்கள். அந்த மூன்று நாளும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் என்னைப் பாவி என்பீர்கள். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும். பதினாலாம் பீப்பாய் தொட்டியில் கலக்கும், முதல் புட்டியைத் திறக்கிறவன் முகத்தைச் சுளிப்பான், மரிவோனின் மூக்கு ஊரில் முடிந்துவிடும். அப்போது ரேஜிஸ் என்னிடம் வருவான். "அக்கா, நீ பார்க்கிறியா?" என்பான். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். உடனே சரி என்று சொல்லக்கூடாது, ஒரு வாரம் அலையவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் இருவரும் தக்கை வாங்க டவுனுக்குப் போனார்கள். ஈரத்துணியோடு பரணுக்கு ஏறினேன். அவளுக்காக இல்லை. சத்தியமாக இல்லை. அந்த ஏழாம் பீப்பாயைச் சாதா வெள்ளையில் கொட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆறு வருஷம் அந்த ஓட்டுக்கு அடியில் வெந்து விறைத்துக் கிடந்தது எதற்கு? எல்லாக் கோட்டையும் துடைத்துவிட்டு, மறுபடியும் ஒவ்வொன்றாக முகர்ந்து, சிலுவையும் வட்டமும் போட்டேன். சிலுவைகளை வலப்பக்கம் சாய்த்துப் போட்டேன். கை வரவில்லை, நேராகப் போடத்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சாய்த்தேன்.

புதன்கிழமை மரிவோன் பரணுக்கு வந்து கோடுகளைப் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்துப் பொருத்தினாள். பதினோரு பீப்பாயைக் கலந்து, ஒரு பீப்பாய் அளவு மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதியைப் புட்டிகளில் அடைத்தோம்.

எங்கள் பக்கத்தில் பிப்ரவரிக் கடைசியில் பீப்பாய் திறக்கிற விழா நடக்கும். அதற்கு முன்னால் ஆறு பேர் உட்கார்ந்து, சுற்று வட்டாரத்துப் புது மஞ்சள் எல்லாவற்றையும் பெயர் மறைத்துக் குடித்துப் பார்த்து, விழாவில் முதலில் திறக்க ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வருஷம் எங்களுடையது. பத்து வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை என்று சொன்னார்களாம். மேயர் ஜிராரோ நேரிலேயே வந்து மரிவோனின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். ரேஜிஸ் அழுதான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"மண்டை உடைஞ்சும் மூக்கு உடையலை பாருங்க!" என்றார் மேயர். எல்லோரும் சிரித்தார்கள். மரிவோன் மட்டும் என்னைப் பார்த்தாள்.

அவர்கள் போனதும் கத்தியை மேசையில் குத்தி வைத்தேன்.

"இங்க வா. உட்காரு. ஏழாம் பீப்பாய்க்கு எதுக்கு வட்டம் போட்டே?"

"ஏழுக்கா? ஞாபகம் இல்லை அண்ணி. ஏதோ ஒண்ணு போட்டேன்."

"ஏதோ ஒண்ணா!"

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே. விழுந்த அன்னிலேருந்து எந்த வாசனையும் தெரியலை. காப்பி வெந்நீர் மாதிரி இருக்கு. ரேஜிஸ் பின்னால வந்து நின்னா, திரும்பிப் பார்த்தாத்தான் தெரியுது." அவள் உருளைக்கிழங்குத் தோலை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துக் கீழே போட்டாள். "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொன்னார்."

எனக்கு ஒரு நொடி அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. அது வந்ததே என்று எரிச்சலும் வந்தது.

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? ஆறு வருஷ ஒயினை வச்சு விளையாடினியா?"

"சொன்னா இந்த வீட்டுல நான் யாரு அண்ணி? மீன்காரர் பொண்ணு. இந்த மூக்கு இல்லைன்னா எனக்கு இங்க வேற என்ன இருக்கு?" மேசையில் கிடந்த தோல்களை ஒன்றாகக் குவித்தாள். "அதோட, விளையாடலை. நீங்க பார்ப்பீங்கன்னு தெரியும்."

"நான் எங்க பார்த்தேன்?"

"வெள்ளிக்கிழமை." அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். "திருகை நீங்க மூடினா அத்தனை இறுக்கமா இருக்கும். முப்பத்தைஞ்சு வருஷமா அதைத் திறக்க நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. "தெரிஞ்சா என்னைக் கேட்டிருக்கலாமே? 'அண்ணி, எனக்கு முடியலை, நீங்க பார்த்துக் குடுங்க'ன்னு ஒரு வார்த்தை?"

"கேட்டிருந்தா முடியாதுன்னிருப்பீங்க."

உண்மைதான். முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஊரைக் கூட்டியும் சொல்லியிருப்பேன்.

"ஆனா நான் தப்பாப் போட்ட கோட்டைச் சரி பண்ணாம உங்களால இருக்க முடியாது," என்றாள் மரிவோன். "நான் கட்டின கொடியையே நீங்க விட்டதில்லை."

"விட்டிருந்தா? பேசாம இருந்திருந்தா?"

"மூணு நாள் பேசாமத்தானே இருந்தீங்க? அந்த மூணு நாளும் எனக்கு ஒரு வாய் இறங்கலை."

பாருங்கள். என் பொறாமையைக்கூட விட்டுவைக்கவில்லை, அதையும் வேலைக்கு எடுத்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷம் நான் பத்திரமாக வளர்த்த ஒரே சொத்து அது. கோபத்தில் கத்தினேன்.

"அந்த மேடையில ஏறி நீ சொல்லணும். எல்லாரும் கேக்கிற மாதிரி. தேர்ந்தெடுத்தது சோலாஞ்தான்னு சொல்லணும். இல்லைன்னா நான் சொல்லுவேன்."

"சொல்றேன்," என்றாள்.

"சத்தியமா?"

"எங்கப்பா மேல சத்தியமா. எனக்கும் பாரம் குறையும்."

விழாவன்று சந்தைத் திடலில் ஆயிரம் பேர் இருப்பார்கள். குளிரில் எல்லோர் வாயிலும் புகை. மேடையில் எங்கள் பீப்பாய். நான் முன்வரிசையில், கல்யாணத்துக்குத் தைத்து ஒரு தடவைதான் போட்ட நீலக் கோட்டில் உட்கார்ந்திருந்தேன். ரேஜிஸ் கல்யாணத்துக்குத்தான், அவன் திரும்பி வந்ததும் ஊரில் வைத்த விருந்துக்கு. மரிவோன் மைக்கைப் பிடித்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அதில் குறை சொல்ல மாட்டேன்.

"எனக்கு மூக்கு போயிடுச்சு," என்றாள். "டிசம்பர்ல விழுந்ததுலேருந்து ஒரு வாசனையும் தெரியாது. இந்த ஒயினை நான் தேர்ந்தெடுக்கலை. எங்க அண்ணி சோலாஞ் பூவ்ரே தேர்ந்தெடுத்தாங்க. ஒவ்வொரு பீப்பாயும் அவங்கதான். கைதட்டறதுன்னா அவங்களுக்குத் தட்டுங்க."

எழுந்து நிற்கலாமா என்று யோசித்தேன். பிறகு எங்கேயோ ஒருவன் சிரித்தான். அது பரவியது. திடலே சிரித்தது, சிரித்துக்கொண்டே கைதட்டியது.

"என்ன ஒரு பணிவு!" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிஜமாத்தான் சொல்றேன்!" என்றாள் மரிவோன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

பக்கத்துக் குன்றுக்காரர் காஸ்பார், ஏற்கெனவே நாலு கோப்பை உள்ளே போட்டவர், தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார். "மூக்கு போச்சாம்ல? எங்க, இது யார் வீட்டு ஒயின்னு சொல்லு பார்ப்போம்!"

மரிவோன் முகர்ந்தாள். "தெரியலை காஸ்பார்."

"ஆஹா! என்ன நடிப்பு!" திடல் மறுபடி சிரித்தது.

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மேடை ஏறி அந்தக் கோப்பையை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். முகர்ந்தேன். பயப்படவில்லை, அதற்கு நேரமில்லை.

"இது உன் வீட்டு ஒயின்தான்," என்றேன், மைக்கிலேயே. "ஆத்தோரத் துண்டு நிலத்துத் திராட்சை. நிலவறையில வச்சது. மூணாவது வருஷமோ நாலாவது வருஷமோ, மத்த பீப்பாயை நிரப்புறப்ப தெரியாம இதையும் நிரப்பிட்டே. ஏடு முங்கிப்போச்சு. அப்புறம் கொஞ்சம் எடுத்துட்டு, மறுபடி ஏடு கட்டட்டும்னு காத்திருந்தே. கட்டிச்சு. ஆனா பழையபடி கட்டலை."

காஸ்பாரின் முகத்தில் போதை இறங்கியது. "அதை நான் என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலையே!" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆயிரம் பேரும் என்னையே பார்த்தார்கள். என் ஆயுசிலேயே முதல் தடவையாக அத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள். மேயர் ஜிராரோ வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கி, மைக்கை என்னிடமிருந்து வாங்கினார்.

"பார்த்தீங்களா!" என்று கத்தினார். "மரிவோன் இவங்களை எப்படிப் பழக்கி வச்சிருக்கா பார்த்தீங்களா!"

திடல் அதிர்ந்தது. தொப்பிகள் பறந்தன. மரிவோன் பதறிப்போய் என் பக்கம் திரும்பினாள், மைக்கை நோக்கிக் கையை நீட்டினாள், சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

"நீ பேசாதே," என்றேன்.